அறுபது கிலோவில் குடியிருப்பவன்

எச்சில் வரவில்லை. வாயில் கிடந்த புளிப்பு மிட்டாய் கூழாங்கல்லைப் போல இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருண்டதே ஒழியக் கரையவில்லை. கரைந்தால்தானே எச்சில் ஊறும், ஊறினால்தானே டம்ளரில் துப்பலாம், துப்பினால்தானே மிச்சமிருக்கிற இருநூறு கிராம் இறங்கும். தயாளன் டம்ளரைச் சாய்த்துப் பார்த்தான். அடியில் நுரையாக ஒரு விரற்கடை. காலையிலிருந்து உடம்பு கொடுத்தது இவ்வளவுதானா, கஞ்சப் பய உடம்பு. கதவில் மணமகள் அறை என்று எழுதியிருந்தது. ராயபுரத்தில் வேறு இடம் கிடைக்காமல் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் குத்துச்சண்டை ரிங், தாலி கட்டுகிற மேடையில் எடை மெஷின். மாலை மாற்றிக்கொள்ள வேண்டிய இடத்தில் ஜட்டியோடு ஏறி நிற்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சமையற்கட்டிலிருந்து இட்லிக் கொப்பரையில் கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைவரை மூடின பிளாஸ்டிக் கோட்டுக்குள் அவன் வெந்துகொண்டிருந்தான். இட்லியாக இருந்திருந்தால் இந்நேரம் இறக்கியிருப்பார்கள். எதிர்ச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி, அதன் ஓரமெல்லாம் மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பும் மெரூனுமாக, எத்தனை பெண்கள், எல்லோரும் இங்கே உட்கார்ந்துதான் தங்கள் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு வேறு யாராகவோ ஆகப் போயிருக்கிறார்கள். ஆவி ஏற ஏறப் பொட்டுகள் மங்கி, கண்ணாடியும் மங்கி, சுவரும் மங்கியது. கதவு கொஞ்சம் திறந்து வரதன் வாத்தியாரின் மூக்கு மட்டும் உள்ளே வந்தது. "இன்னாடா, எறங்குச்சா?" "வாயே காஞ்சி கெடக்கு வாத்தியாரே." "எலுமிச்சங்காய நெனச்சுக்கோ. இல்ல பொண்டாட்டிய நெனச்சுக்கோ. எதுனா ஒண்ண நெனச்சுக்கினு துப்பு." "ரெண்டும் ஒரே புளிப்புதான்." வாத்தியார் சிரித்தார், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் காற்று உள்ளே வந்தது, அதற்குள் கதவைச் சாத்திவிட்டார், பாவி.

கோதையை நினைக்கச் சொன்னதும் கோதை வந்துவிட்டாள். எச்சில்தான் வரவில்லை. எடை இறக்குகிற வாரங்களில் அவள் அவனுக்குத் தனியாகப் பாய் விரித்துவிடுவாள். கோபமெல்லாம் இல்லை. "நீ எறக்கும்போதெல்லாம் வூட்டுக்கு வர்றதில்ல. வேற எவனோ உன் சட்டையப் போட்டுக்கினு வர்றான். தட்ட வச்சா மோந்து பாத்துட்டு தள்றான். எனக்கு அவன் பக்கத்துல படுக்க பயமா இருக்கு" என்றாள் ஒருமுறை, அரிசி களைந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல். அன்றைக்கு அவன் அதைச் சிரித்துத் தள்ளினான். இப்போது இந்த ஆவிக்குள் அது வேறு மாதிரி கேட்டது. அறுபது கிலோ என்பது அவனுடைய பழைய வீடு. இருபத்தைந்து வயசில் அங்கேதான் இருந்தான், சுகமாக, எந்த மூலையில் கைவைத்தாலும் எலும்பு தட்டுப்படும், ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும். பிறகு கல்யாணம், சோறு, கண்டெய்னர் யார்டில் ராத்திரிக் காவல் வேலை, டீயும் பன்னுமாக விடிய விடிய உட்கார்ந்து, வீட்டைக் காலி செய்துவிட்டு அறுபத்து மூன்றரைக்குக் குடிபோனான். முப்பத்தைந்து வயசில் இப்போது திரும்பிப் போகிறான். காலி செய்த வீட்டுக்கு இத்தனை வருஷம் கழித்துப் போனால் என்ன இருக்கும்? பூட்டுத் துரு ஏறியிருக்கும், தூசி இருக்கும், சரி, ஆனால் உள்ளே யாராவது இருந்தால்? கதவைத் தட்டுவதற்கு முன்பே உள்ளே விளக்கெரிந்தால்? ஒவ்வொரு கிலோவாக இறங்க இறங்க, கீழே அந்த அறுபதில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, வா வா, எவ்வளவு நேரம் என்று, மெதுவாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி இருந்தது. சே. தண்ணீர் இல்லாத மூளை இப்படித்தான் எதையாவது உளறும். வாத்தியாரே சொல்லியிருக்கிறார், உடம்பு காய்ந்தால் நினைப்பும் காய்ந்து சருகு மாதிரி சலசலக்கும், காதில் போட்டுக்கொள்ளாதே என்று.

காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியும். கண்ணில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. இடது கண்ணில் கறுப்பாக ஒரு நூல் மிதந்துகொண்டே இருந்தது, அவன் பார்வை போகிற பக்கமெல்லாம் கூடவே வந்து, நின்றால் மெல்லக் கீழே இறங்கி. இரண்டு வருஷத்துக்கு முந்தின ஃபைனலில் லாசர் கொடுத்தது அது. காசிமேட்டு லாசர், வலையிழுத்துக் காய்ச்சுப்போன கை, இடக்கைக்காரன், அவன் வளைத்து அடிக்கிற வலது ஹுக் எங்கிருந்து கிளம்புகிறது என்று கடைசிவரை தெரியாது, இடது கண்ணோரம் வந்து இறங்கின பிறகுதான் தெரியும். பாயிண்டில் ஜெயித்தது என்னவோ தயாளன்தான். ஆஸ்பத்திரியில் கண் டாக்டரம்மா, "உள்ள இருக்கிற திரை கொஞ்சம் பேந்திருக்குப்பா. சூடு வெச்சு ஒட்டியிருக்கேன். இன்னொரு அடி அதே எடத்துல பட்டா சுண்ணாம்பு உதிர்ற மாதிரி உதிர்ந்துடும். பிறகு என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல" என்றாள். கோதைக்குத் தெரியும். வாத்தியாருக்குக்கூடத் தெரியாது. யார்டில் தினமும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடதால் கிரேன் விளக்குகளை எண்ணிப் பார்ப்பான், ஒன்று குறைந்திருக்கிறதா என்று. ஒன்றும் குறையாத அன்றைக்கு நிம்மதி வராது, நாளைக்குக் குறையுமோ என்கிற பயம்தான் வரும். அந்த யார்டிலிருந்து எழுந்து வரத்தான் இவ்வளவும். இந்தப் போட்டியில் எந்த எடையிலாவது பதக்கம் வாங்குகிற பழைய ஆளுக்குத் துறைமுகத்துப் பக்கத்துக் குத்துச்சண்டைக் கழகம் ஒன்று பகல் வேலை தருகிறது, பையன்களுக்குச் சொல்லித்தர. பகலில் வேலை, ராத்திரி தூக்கம், மற்ற மனுஷர்கள் மாதிரி. மற்ற எல்லோரும் வலக்கைக்காரர்கள்; அவர்களைச் சமாளிக்க அவனுக்குத் தெரியும். லாசர் ஒருவனைத் தவிர்த்தால் போதும்.

தவிர்ப்பதற்கு என்னென்ன செய்தார்கள்! லாசர் அறுபத்து மூன்றரைக்காரன், தயாளனும் அறுபத்து மூன்றரைக்காரன், அப்படியானால் தயாளன் அறுபதுக்கு இறங்கிவிடுவது. அறுபதில் அவர்களுக்குத் தெரிந்து நான்கே பேர். அவன் போக மூன்று பேரும் பொடியன்கள், ஒரு சண்டை ஜெயித்தால் வெள்ளி நிச்சயம். மேலே அறுபத்து மூன்றரையில் ஒரு டஜன் பேர், அதில் பட்டாளத்தார் வேறு. ஆனால் இறங்குவது லாசருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தோற்ற கடனைத் தீர்க்க அவனும் பின்னாலேயே இறங்குவான் என்றார் வாத்தியார். அதனால் பஜாரில் நாலு பேர் பார்க்கத் தயாளன் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றித் தின்றான், தின்றுவிட்டுச் சந்துக்குள் போய் விரலை விட்டு வாந்தியெடுத்தான். "நம்ம தயா இந்தத் தபா மூணரைலதான். எறங்கல்லாம் முடியாது, வயசாச்சி" என்று வாத்தியார் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவைத்தார். காசிமேட்டிலிருந்து பதிலுக்குச் செய்தி வந்தது: லாசர் தினமும் பிரியாணி தின்கிறான், தொப்பை போட்டிருக்கிறான், மூணரையே அவனுக்குச் சந்தேகம். கேட்டதும் வாத்தியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். தயாளனுக்கு அன்றைக்கு வந்த தூக்கம் அதற்கப்புறம் வரவில்லை.

ஆவி கொஞ்சம் விலகியது. கொப்பரை ஆறுகிறது போல. தயாளன் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். தலைவரை மூடின பிளாஸ்டிக் கோட்டு, உள்ளே ஒட்டின கன்னம், வெள்ளை பூத்த உதடு, மடியில் எவர்சில்வர் டம்ளர். இதுதானா நான், இவனைத்தான் கோதை சொன்னாளா, பாவம், இந்த மூஞ்சிக்குப் பக்கத்தில் யார்தான் படுப்பார்கள். கண்கள் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு யாருடைய வீட்டிலிருந்தோ எட்டிப் பார்க்கிற மாதிரி பார்த்தன. அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கண்ணாடியில் இருந்தவன் துடைத்துக்கொள்ளவில்லை. தயாளன் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தான். அவன் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகக் குனிந்து, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய், துப்பினான். கொழகொழவென்று, நிறைய. அவனுக்கு எச்சில் வருகிறதே என்கிற பொறாமைதான் தயாளனுக்கு முதலில் வந்தது. பயம் அப்புறம்தான் வந்தது, முதுகுத்தண்டு வழியாக, வியர்வை இறங்குகிற அதே தடத்தில், ஆனால் கீழிருந்து மேலாக. பொட்டுகள் எங்கே? கண்ணாடியென்றால் ஓரத்தில் பொட்டுகள் இருக்க வேண்டுமே. தலையைத் திருப்பித் திருப்பித் தேடினான். பொட்டுகள் இரண்டு முழம் தள்ளி, உண்மையான கண்ணாடியில், மங்கலாக இருந்தன. அதற்குப் பக்கத்தில் அதே அளவில், அதே மரச்சட்டத்தோடு இருந்தது கதவில்லாத ஒரு வாசல், மணமகன் அறைக்குப் போகிற வாசல், அதற்கு அந்தப் பக்கம் இன்னொரு கொப்பரை, இன்னொரு பிளாஸ்டிக் கோட்டு, கோட்டுக்குள் லாசர்.

பேசினால் வாய் காயும். "தயாண்ணா?" என்றது அந்தப் பக்கம், நம்பாமல். "நீ தானா அது? நா கண்ணாடின்னு நெனச்சுக்கினு இவ்ளோ நேரம் உன்னியே பாத்துக்கினு இருந்தேன்." "பிரியாணி துன்றன்னாங்க?" "துன்னேன். துன்னுட்டு வாந்தி எடுத்தேன். நீ பரோட்டா துன்னியாமே?" "அதே கததான்." லாசர் சிரிக்கப் பார்த்தான், உதடு வெடித்துப் பொட்டாக ரத்தம் வந்தது, அதை நக்காமல் துண்டால் ஒற்றிக்கொண்டான், நக்கினால் அதுவும் எடைதானே. உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், என்று தயாளன் நினைத்தான், நான் இறங்குகிறேன் என்று ஒரே ஒரு டீக்கடையில் சொல்லியிருந்தால் இவன் மேலேயே இருந்திருப்பான், என்னைத் துரத்திக்கொண்டு வருகிறான் என்று நான் ஓட, அவனைத் துரத்துகிறேன் என்று அவன் ஓட, படியிறங்கிப் படியிறங்கி, இருட்டில் முட்டிக்கொண்டோம். ஆனால் அவன் ஏன் ஓடவேண்டும்? கண் போனது எனக்கு. "உனக்கின்னாடா பயம்?" என்றான். லாசர் கழுத்தை இடப்பக்கமாகத் திருப்பி, வலது காதை முன்னால் நீட்டி, "இன்னா சொன்ன?" என்றான். தயாளன் அதைப் பார்த்தான். பார்ப்பதற்காகத் தன்னுடைய முகத்தையும் ஒருபக்கமாகத் திருப்பி வலது கண்ணை முன்னால் கொண்டுவந்திருக்கிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை, லாசர் அந்தத் திருப்பத்தை உற்றுப் பார்க்கிறவரை. "நீ ஏண்ணா திரும்பிப் பாக்குற?" என்றான் லாசர் மெதுவாக. "நீ ஏன் திரும்பிக் கேக்குற?"

அந்த ஃபைனலில் கடைசி ரவுண்டில் தன்னுடைய வலது கை லாசரின் இடது காதோரம் முழுசாக விழுந்தது தயாளனுக்கு ஞாபகம் வந்தது, நனைந்த மூட்டை விழுகிற சத்தம், ஜனங்கள் எழுந்து கத்தினார்கள், அன்றைக்கு அந்தச் சத்தம் எவ்வளவு இனித்தது. "விசிலு" என்றான் லாசர், யாரிடமோ சொல்கிற மாதிரி. "ரெண்டு வருசமா ஒருத்தன் உள்ள நின்னு விசிலு அடிச்சுக்கினே இருக்கான். படகுல போனா கடலு சத்தத்துல கொஞ்சம் கம்மியாவும். மறுக்கா அங்க அடிபட்டா பேலன்ஸே போயிடும்ன்ட்டாங்க. படகு ஏற முடியாது." தயாளன் நூலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் இவனுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் எங்கே அடிக்கவேண்டும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ரிங்கில் ஏறி மணியடித்ததும் கை தானாக அங்கேதான் போகும், நல்லவனோ கெட்டவனோ, கைக்கு அதெல்லாம் தெரியாது, பதினைந்து வருஷமாக அதற்குச் சொல்லிக்கொடுத்ததே திறந்த இடத்தைப் பார்த்து அடி என்பதுதானே. இதனால்தான் அறுபதில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றியதோ. குடியிருப்பவன் இவன்தானோ. இல்லை, இவனைப் பொறுத்தவரை குடியிருப்பவன் நானோ. வியர்வை சட்டென்று நின்றுவிட்டது. உடம்பில் இனித் தருவதற்கு ஒன்றுமில்லை. வாத்தியார் சின்ன மெஷினைத் தூக்கிவந்தார், ஏறி நின்றான், ஊசி அறுபதில் நின்றது, ஒரு முடிகூட அந்தப் பக்கம் இந்தப் பக்கம் இல்லாமல். பக்கத்து அறையிலிருந்து லாசரும் வந்து ஏறினான். அவனும் அறுபது. வாத்தியார் வாயைத் திறந்து லாசரைப் பார்த்தார், தயாளனைப் பார்த்தார், மறுபடி லாசரை, ஒரு நிமிஷம் எவன் தன்னுடைய ஆள் என்று அவருக்கே தெரியவில்லை, அந்தத் தடுமாற்றம் அவர் கண்ணில் அப்பட்டமாக இருந்தது. பிறகு மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஒருத்தன் தண்ணி குடிக்கணும்ணா" என்றான் லாசர். சரிதான். இந்தப் போட்டியில் ஒரு சலுகை உண்டு. அறுபதுக்குத் தவறினவனை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், மூன்றரையில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு மடக்கு போதும். குடிக்கிறவன் மேலே போய்ப் பட்டாளத்தாரோடு மல்லுக்கட்டவேண்டும், பதக்கம் கிடைத்தாலும் கிடைக்கும், பெரும்பாலும் கிடைக்காது. குடிக்காதவனுக்கு மேடை, பதக்கம், பகல் வேலை. இரண்டு பேரும் குடிக்காவிட்டால் கண்ணும் காதும் போகும். மூலையில் தண்ணீர் கேன் குழாய் வைத்த ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்திருந்தது, காலையிலிருந்து அவன் அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தான், பார்க்காமலே அதில் குமிழி ஏறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். லாசர் இரண்டு டம்ளர் பிடித்தான். ஒன்றை நீட்டினான். "யாரு?" என்றான் தயாளன். "நீ பெரியவன், நீ வுட்டுக்குடு." "நீ சின்னவன், உனக்கு அடுத்த வருசம் இருக்குது." "எனக்குக் காது இல்லியே." அதற்குள் மேடையிலிருந்து மைக் கூப்பிட்டது: "அறுபது கிலோ! அறுபது கிலோ ஆளுங்கல்லாம் மேடைக்கு வாங்கப்பா, கடைசித் தபா கூப்புடறேன்!"

வாயைக் கொப்பளிக்கலாம். கொப்பளித்துத் துப்பினால் எடை இல்லை, வறண்ட ஆளுக்கு அதற்கு எப்போதும் அனுமதி உண்டு. இரண்டு பேரும் ஒன்றாக டம்ளரைத் தூக்கினார்கள். தண்ணீர் வாய்க்குள் வந்தது. ஐயோ. நாக்கு தடித்து எழுந்தது, கன்னத்தின் உட்சதை ஒவ்வொரு துளையாகத் திறந்தது, இனிப்பு, இப்படி ஒரு இனிப்பா, கேன் தண்ணீருக்கா. வாயை மூடிக்கொண்டு உப்பிய கன்னத்தோடு இருவரும் எதிரெதிரே நின்றார்கள், ஒருவன் தொண்டையை ஒருவன் பார்த்துக்கொண்டு. லாசரின் தொண்டைக்குழி அசையவில்லை. அது அசைந்தால் போதும், அசைந்தால் நான் துப்பிவிட்டு மேடையேறுவேன், கோதை ஒரே பாயாக விரிப்பாள். அசையேன். கறுப்பு நூல் இறங்கி வந்து லாசரின் தொண்டைமேல் நின்றது, ஆட்டுக் கழுத்தில் கட்டின கயிறு மாதிரி. இவன் படகில் ஏறி நிற்பதைத் தயாளன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, இருந்தாலும் இப்போது பார்த்தான், நட்டநடுக் கடலில் கால் நிற்காமல் கையைத் துழாவிக்கொண்டு நிற்கிறவனை, அவன் பிடித்துக்கொள்ளத் தேடுகிற கையில் தன்னுடைய குத்துச்சண்டைக் கையுறையை. போகட்டும். பட்டாளத்தார் வலக்கைக்காரர்கள்தானே. யார்டு எங்கேயும் போய்விடாது. விளக்குகள் அங்கேயே இருக்கும், எண்ணிக்கொண்டிருக்கலாம். தயாளன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். தண்ணீர் இறங்குகிற ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது, யாரோ வீட்டுக்குள் நடந்துபோய் ஒவ்வொரு அறையாக விளக்குப் போடுகிற மாதிரி. மடக்கென்று சத்தம் கேட்டது. சத்தம் இரண்டு தடவை கேட்டது. இரண்டாவது தன்னுடையதன் எதிரொலி என்றுதான் நினைத்தான். சாத்தின அறை, எதிரொலிக்கும்.

கண்ணைத் திறந்தான். லாசரின் கன்னம் ஒட்டியிருந்தது. டம்ளரில் துப்பவில்லை அவன், விழுங்கியிருந்தான். உதடு ஈரமாக, மோவாயில் ஒரு சொட்டு, கண் தயாளனின் தொண்டையில். மைக் இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு, "அறுபதுல ரெண்டு பேரு வரலியா? சரி, அவுங்கள மூணரையில எழுதிக்கோ" என்று யாரிடமோ சொல்லிவிட்டு நின்றது. லாசர் வலது காதைத் திருப்பி அதைக் கேட்டான். தயாளன் வலது கண்ணைத் திருப்பி அவன் கேட்பதைப் பார்த்தான். "ஏண்டா?" என்றான். "நீ ஏண்ணா?" என்றான் லாசர். கேன் பக்கம் போய் டம்ளரை மறுபடி நிரப்பிக் குடித்தான், இன்னொன்று நிரப்பிக் குடித்தான், மூச்சு விடாமல், மூன்றரையையும் தாண்டி இன்னும் மேலே, தயாளன் இல்லாத எந்த எடைக்காவது ஏறிவிட முடியுமா என்கிற மாதிரி. அவ்வளவு தண்ணீர் எந்த வயிற்றிலும் நிற்காது என்று தயாளனுக்குத் தெரியும். தெரிந்தும் அவனுடைய கையும் டம்ளரை நீட்டியது. கேனுக்குள் குமிழி ஒன்று எழும்பி உடைந்தது; பக்கத்திலேயே, பொட்டுகள் ஒட்டின அந்தக் கண்ணாடியில் ஆவி முழுக்க வடிந்திருந்தது, அதில் பிளாஸ்டிக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த முதுகு தன்னுடையது என்று அவன் பார்க்கவில்லை.